குழந்தையைப் பிரியாமல் போதை மீட்பு சிகிச்சை: சட்டம் தந்த உரிமை நடைமுறைக்கு வருமா?

புது தில்லி: போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்பும் தாய்க்கு முதலில் எழும் கேள்வி, "குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது?" என்பதுதான். விடை கிடைக்காவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகிறது. ஆனால், இக் கேள்விக்கு நாடாளுமன்றம் 2017-லேயே விடை அளித்துள்ளது.

மாநிலங்களவையில் 2016 ஆகஸ்டிலும் மக்களவையில் 2017 மார்ச்சிலும் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப் பொருள்களால் ஏற்படும் மனநலப் பாதிப்புகளும் இச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன.

சட்டம் சொல்வது என்ன? மனநல நிலையத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து 3 வயதுக்கு உள்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21-வது பிரிவு. குழந்தையின் பாதுகாப்புக்கு அவசியம் என மனநல மருத்துவர் கருதினால் மட்டும் தாற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையுடன் குழந்தையைச் சந்திக்கத் தாய்க்கு உரிமை உண்டு. பிரித்து வைக்கும் முடிவை 15 நாள்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும். 30 நாள்களுக்கு மேல் நீடித்தால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் தேவை.

வழக்கு குறித்த அச்சத்துக்கும் சட்டத்தில் தீர்வு உள்ளது. போதைப் பொருளைப் பயன்படுத்தியதாகவோ, சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ குற்றஞ்சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு பெறலாம். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு இதற்கு வகை செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் விலக்கு ரத்தாகலாம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான ஆய்வின்படி, மது அருந்துவோர் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார். எண்ணிக்கையில் குறைவு என்பதால் பெண்களின் தேவை எளிதில் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துச் சிகிச்சை அளிப்பது இயலாத காரியமல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸில், பிரசவத்தையொட்டி மனநலம் பாதிக்கப்படும் பெண்களுக்காக 2009-ல் தாய்-சேய் பிரிவு தொடங்கப்பட்டது. போதைப் பழக்கம் உள்ள தாய்மார்களும் தாய்ப்பால் கொடுப்பதை, அபாயம் மிகுதியாக இல்லாதவரை ஊக்குவிக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2014-ல் பரிந்துரைத்தது.

தொலைதூரப் பகுதிகளில் சிக்கல் இன்னும் கூடுதல். அந்தமான் நிகோபாரின் முதன்மை மருத்துவமனையான ஜி.பி. பந்த், முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜய புரத்தில் உள்ளது. வெளித் தீவுகளில் வசிக்கும் தாய் கடல் கடந்து அங்கு வர வேண்டும். சிகிச்சைக்கு வரும்போது கைக்குழந்தைக்கும் இடம் உண்டா என்பதே அவரது முடிவைத் தீர்மானிக்கும்.

மேலும், 21-வது பிரிவின் பாதுகாப்பு 3 வயதுடன் முடிகிறது. 4 வயதுக் குழந்தையின் தாய்க்கு அதில் விடை இல்லை. சட்டம் காகிதத்தில் நிற்காமல் இருக்க, மீட்பு மையங்களில் குழந்தைக்கும் ஒரு படுக்கை வேண்டும். மூத்த குழந்தைகளைப் பராமரிக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

ஆலோசனை பெற விரும்புவோர் 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.