தோற்பந்தும் செயற்கைப் பந்தும்

கூடைப்பந்து ஆடும் இளைஞர் கூட்டம் ஒன்று, ஆளுக்குச் சில வெள்ளி போட்டுப் பந்து வாங்கக் கடைக்குச் செல்வதாகக் கொள்வோம். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மாதிரியான கருவரிகள் கொண்ட மூன்று பந்துகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. விலை மிக்கது மாட்டுத்தோலால் ஆனது. இடைப்பட்டது செயற்கைத் தோலால் ஆனது. மலிவானது இரப்பரால் ஆனது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்துக்குரிய தோற்பந்தின் விலை அந்நாட்டிலேயே 200 டாலரை ஒட்டியது. நல்ல செயற்கைப் பந்தை அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெறலாம். ‘விலைக்கேற்ற பொருள்’ என்னும் பொதுவிதியை நம்பி, திரட்டிய பணம் முழுவதையும் கொடுத்துத் தோற்பந்தை வாங்கிச் சிமெண்ட்டுத் திடலிலே ஆடத் தொடங்கினால், சில வாரங்களுக்குள் அப்பணம் மண்ணாகிப் போகும். தோற்பந்து தாழ்ந்த பந்து என்பதனாலன்று. அந்தத் திடலுக்கென்று செய்யப்பட்ட பந்தன்று அது என்பதனால்.

தோற்பந்தே உயர்ந்தது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆட்டத்தின் வரலாற்றிலிருந்தே வந்தது எனலாம். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தபோது, இதற்கெனத் தனிப்பந்து கிடையாது. கால்பந்து ஒன்றையே எடுத்துக்கொண்டு பழக்கூடைக்குள் எறிந்தனர். பின்னர் தனிப்பந்து பிறந்தபோது அது தோலாலேயே தைக்கப்பட்டது. பிற்காலத்துச் செயற்கைப் பொருள்கள் அன்று இல்லை. ஆகவே தோல் என்பது ஆய்ந்து தேர்ந்த முடிவன்று. அக்காலத்தில் கைக்குக் கிடைத்த பொருள். அதுவே வழக்கமாகி, வழக்கமே மதிப்பாகிவிட்டது.

இன்றைய பந்தை அறுத்துப் பார்த்தால், மேலே காணும் தோல் ஒரு மெல்லிய போர்வையே என்பது விளங்கும். நடுவிலே காற்றடைக்கும் இரப்பர்ப் பை; அதன்மேல் நைலான் நூலை இடைவெளியின்றிச் சுற்றிய சுற்று; அதன்மேல் இரப்பர் ஓடு; அந்த ஓட்டின்மேல் ஒட்டப்பட்ட வெளிப்போர்வை. உருண்டை வடிவைக் காப்பது நூற்சுற்று. துள்ளலைத் தருவது பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்று. வெளிப்போர்வையின் தலையாய வேலை கையோடு உறவாடுவது. தோலா செயற்கையா என்னும் வழக்கு, உண்மையில், விரலுக்கும் பந்துக்கும் இடையே உள்ள ஒரு மெல்லிய படலத்தைப் பற்றிய வழக்கு.

சொல்லைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை கூறவேண்டும். கடைக்காரர்கள் ‘காம்போசிட் லெதர்’ என்று சொல்வதைச் சிலர் ‘கலப்புத் தோல்’ எனத் தமிழாக்குகின்றனர். பாதி தோலும் பாதி வேறு பொருளும் சேர்ந்தது போலும் என்று கேட்பவர் மயங்குவர். பெரும்பாலான பந்துகளில் தோல் என்பது அணுவளவும் இல்லை. மிக நுண்ணிய செயற்கை இழைகளால் ஆன துணியின்மேல் பாலியூரித்தேன் என்னும் பொருளைப் பூசி, தோலில் உள்ளவை போன்ற சிறு புள்ளிமேடுகளை அழுத்திப் பதித்ததே அது. ‘போலித் தோல்’ என்றால் பழித்ததாகும். ‘செயற்கைத் தோல்’ என்பதே பொருத்தம். மாட்டின் தோலைத் தொட விரும்பாதவர்க்கும் இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் நலம்.

இரண்டு மாதம் வாழ்ந்த பந்து

தோலையும் செயற்கையையும் உலகறிய எதிரெதிரே நிறுத்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம், 2006-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், அடுத்த பருவம் முதல் செயற்கைப் பந்தையே ஆடப்போவதாக அறிவித்தது. ஸ்பால்டிங் நிறுவனம் செய்த அப்பந்து நுண்ணிழைப் போர்வை கொண்டது. அதற்கு முன் அச்சங்கம் தன் பந்தை மாற்றியது 1970-இல், நான்கு துண்டுத் தோலுக்குப் பதில் எட்டுத் துண்டுத் தோலை ஏற்றபோதுதான். ‘தோல் என்பது இயற்கைப் பொருள்; ஒரு மாட்டின் தோல் போல் மற்றொன்று இராது; ஒரு பந்து போல் மற்றொரு பந்து அமையாது. செயற்கைப் பந்தோ எல்லாம் ஒரே சீராக அமையும்’ என்பது சங்கத்தாரின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தனர். ஷக்கீல் ஓநீல் அதனை விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும் மலிவுப் பந்துக்கு ஒப்பிட்டார். அவ்வாண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றிருந்த ஸ்டீவ் நாஷ், பந்து தம் விரல்நுனிகளைக் கீறிவிடுகிறது என்று முறையிட்டார். வியர்வை பட்டால் பந்து வழுக்குகிறது என்பது பலர் ஒருமித்துச் சொன்ன குறை. எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தைக் கையாளப்போகும் தங்களை முறையாகக் கலந்து பேசவில்லையே என்னும் மனக்கசப்பு! அது பந்தின் குறையன்று என்றாலும், வழக்கை வளர்த்தது அதுவே எனத் தோன்றுகிறது.

டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் ஒரு நல்ல காரியம் செய்தார். வாய்ச்சண்டையை விட்டு, ஆர்லிங்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையாரைக் கொண்டு இரு பந்துகளையும் சோதிக்கச் செய்தார். 4 அடி உயரத்திலிருந்து விட்டபோது செயற்கைப் பந்து தோற்பந்தைவிட நூற்றுக்கு 5 முதல் 8 வரை குறைவாகத் துள்ளியது. திசை பிசகித் துள்ளுவது நூற்றுக்கு 30 மிகுதியாக இருந்தது. ஈரத்தைத் தோல் ஏறத்தாழ எட்டு மடங்கு விரைவாக உறிஞ்சியது. இவற்றினும் சுவையானது பிடிமானம் பற்றிய முடிவு. உலர்ந்த நிலையில் செயற்கைப் பந்தே கையில் நன்றாகப் பற்றியது. ஈரம் பட்டதும் நிலைமை தலைகீழாக மாறி, தோல் பற்றியது, செயற்கை வழுக்கியது.

இதன் காரணம் எளிது. தோல் ஓர் உயிரின் மேனியாயிருந்தது. அதில் நுண்துளைகள் உண்டு. வியர்வைத்துளி அதனுள் இறங்கிவிட, மேற்பரப்பு சற்றே பிசுபிசுத்து விரலோடு ஒட்டுகிறது. அன்றைய செயற்கைப் போர்வையிலோ அத்துளி உள்ளே இறங்க வழியின்றி விரலுக்கும் பந்துக்கும் இடையே நீர்ப்படலமாக நின்றுவிட்டது. மழைநாளில் பளிங்குத் தரையிலே நடந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

டிசம்பர் முதல் நாள் ஆட்டக்காரர் தொழிற்சங்கம் அரசாங்கத் தொழிலாளர் வாரியத்தில் புகார் தாக்கல் செய்தது. அம்மாதம் இரண்டாம் வாரத்திலேயே சங்கத்தார் இறங்கி வந்தனர். 2007-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தோற்பந்து மீண்டும் அரங்கேறியது. செயற்கைப் பந்து பருவ ஆட்டங்களில் வாழ்ந்தது இரண்டு மாதமே. 2021-இல் அச்சங்கத்துக்குப் பந்து தரும் நிறுவனம் ஸ்பால்டிங்கிலிருந்து வில்சனுக்கு மாறியபோதும் எட்டுத் துண்டுத் தோல் மாறவில்லை.

அவர்கள் தீர்ப்பு யாருக்குப் பொருந்தும்?

இக்கதையைக் கேட்டவர் பலர், ‘பார்த்தீரா, வல்லவர்களே தோலைத்தான் கேட்டார்கள், நமக்கும் அதுவே நல்லது’ என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இங்கேதான் பிழை நேர்கிறது. அவர்கள் கேட்டது கடையிலிருந்து வந்த புதுத் தோற்பந்தையன்று. புதுத் தோற்பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அறிவர்: அது விறைப்பாக இருக்கும், வழவழவென்று நழுவும். பல நாள் மரத்தளத்தில் தட்டித் தட்டி ஆடி, கையின் எண்ணெயும் வியர்வையும் ஊறிய பிறகே அது மென்மை பெற்றுக் கைக்குப் படியும். தொழில்முறை அணியிடம் அதற்கு ஆள் உண்டு, நேரம் உண்டு, கூரையுள்ள அரங்கு உண்டு. வாரத்தில் இரு மாலை ஆடும் ஒருவர்க்கு அந்தப் பதம் வர மாதக்கணக்காகும். அதற்குள் சிமெண்ட்டுத் தரை அதன் புள்ளிமேடுகளை உராய்ந்து தேய்த்துவிடும். தோலின் சிறப்புத் தோன்றும் முன்பே தோல் தேய்ந்துவிட்டால், கொடுத்த விலைக்கு அவர் பெற்றது அதன் குறைகளை மட்டுமே.

செயற்கைப் பந்தோ வாங்கிய அன்றே ஆடத் தகுந்தது. பதப்படுத்தக் காத்திருக்க வேண்டுவதில்லை. நூற்றுக்கு 5, 8 என்னும் துள்ளற் குறைவையும் எண்ணிப் பார்க்கலாம். 4 அடியிலிருந்து விழும் பந்தில் அது ஏறத்தாழ இரண்டங்குல வேறுபாடு. நாள்தோறும் பல மணி நேரம் ஒரே பந்தைத் தட்டும் கைக்கு அது பெரிது. திடலில் உள்ள ஒரு வெடிப்பு அதைவிடப் பெரிதாகப் பந்தைத் திருப்பிவிடும். மேலும், 2006-இன் அந்தப் பந்தைக் கொண்டு எல்லாச் செயற்கைப் பந்துகளையும் எடைபோடுதல் முறையன்று. அமெரிக்கக் கல்லூரிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் செயற்கைப் பந்துகளே பெரிதும் வழங்குகின்றன. அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிகளும் தோல், செயற்கைத் தோல் இரண்டையுமே ஏற்கின்றன. ஈரத்தை ஈர்க்கும் நுண்ணிழைப் போர்வைகள் இப்போது உண்டு; ஆகையால் வழுக்கும் குறை பெரிதும் தணிந்திருக்கிறது.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் தோலுக்கு வேறொரு பகையும் உண்டு. அதுதான் காற்றின் ஈரம். அலமாரியில் ஒரு திங்கள் கிடந்த தோற்காலணியின்மேல் வெண்பூஞ்சணம் படர்வதை இங்கே காணாத வீடு அரிது; பந்துக்கு மட்டும் விலக்குண்டா? ஈரத்தை விரைந்து உறிஞ்சும் குணம், அரங்கிலே நன்மையாயிருந்தது, மாலை மழையில் நனைந்த திடலிலே தீமையாகிவிடுகிறது. நீர் குடித்த தோல் கனக்கும். வெயிலில் காயவைத்தால் விறைத்து வெடிக்கும். செயற்கைப் பந்தை ஒரு துணியால் துடைத்துவிட்டால் போதும்.

அதற்காகச் செயற்கைப் பந்து சிமெண்ட்டுக்கு அஞ்சாதது என்று எண்ணிவிடலாகாது. அவற்றுள்ளும் மென்மையான நுண்ணிழைப் பந்துகள் உள்ளரங்குக்கென்றே செய்யப்பட்டவை. சொரசொரப்பான தரையில் அவையும் மேடு தேய்ந்து மழுங்கிவிடும். உள்ளரங்குக்கு மட்டுமா, வெளித்திடலுக்கும் ஆகுமா என்பது பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோர் விலையைப் பார்க்கும் கண்ணால் அதையும் பார்க்கவேண்டும். முற்றிலும் வெளித்திடலிலேயே ஆடுவோர்க்கு இரப்பர்ப் பந்து இழிவன்று. அது விரலுக்குக் கடினம், சற்று மிகையாகவும் துள்ளும். ஆனால் தரையோடு போராடி நிற்பதில் அதற்கு நிகரில்லை. இரண்டு இடங்களிலும் ஆடும் பள்ளிக்கோ மன்றத்துக்கோ, ஒரு தோற்பந்தின் விலையில் அரங்குக்கு ஒரு நல்ல செயற்கைப் பந்தும் திடலுக்கு இரண்டு மூன்று இரப்பர்ப் பந்துகளும் வாங்கிவிடலாம். பத்துப் பிள்ளைகள் ஒரே பந்துக்குக் காத்து நிற்பதைவிட அது மேலன்றோ?

பல நேரங்களில் பொருளின்மேல் சுமத்தப்படும் பழி உண்மையில் காற்றுக்குரியது. பந்துக்குள் சதுர அங்குலத்துக்கு 7.5 முதல் 8.5 பவுண்டு அழுத்தம் இருக்கவேண்டும் என்பது என்.பி.ஏ. விதி. நிழலில் 8 பவுண்டு அடைத்த பந்தை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் போட்டு, உள்ளிருக்கும் காற்று 20 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு உயர்ந்து விதியைத் தாண்டிவிடும். அப்போது எந்தப் பந்தும் கல்லாகத்தான் துள்ளும். அளவுகோல் இல்லாதவர்க்கு அனைத்துலக விதிகள் நெடுங்காலம் கூறிவந்த முறை ஒன்று உண்டு: பந்தின் அடிப்பாகம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு பிடித்துக் கைவிட்டால், துள்ளி எழும் பந்தின் உச்சி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை வரவேண்டும். உயரமான ஆள் ஒருவர் தலைக்கு நேரே பிடித்து விட, அது அவர் நெஞ்சுமட்டத்துக்கு வந்தால் சரி எனக் கொள்ளலாம்.

கடையில் பந்தைத் தேரும்போது உலர்ந்த கையால் தடவிப் பார்த்து மயங்குதல் இயல்பு. உலர்ந்த கைக்கு எல்லாச் செயற்கைப் பந்தும் இனிக்கும். கடைக்காரர் இசைந்தால், விரல்களைச் சற்றே நனைத்துக்கொண்டு மறுபடியும் பற்றிப் பார்ப்பது நன்று. அரை மணி நேர ஆட்டத்துக்குப் பின் கையிலிருக்கப்போவது அந்தப் பந்துதான்.