பழைய போர்ப்படத்தில் ஒரு துப்பாக்கி

இரண்டாம் உலகப் போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அப்போரின்போது எடுக்கப்பட்ட புகைப்படங்களோ நூல்களிலும் கண்காட்சிகளிலும், நம்மவர் சிலர் இல்லங்களில் பெட்டியின் அடியிலும் இன்றும் இருந்து வருகின்றன. படத்தில் இருப்பவர் யார், அது எந்த ஊர், எந்த ஆண்டு என்று நேரில் அறிந்து சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். படத்தின் கீழே பிற்காலத்தில் எவரோ எழுதிய குறிப்பை அப்படியே நம்பலாமா? இக்கேள்விக்கு விடை காண உதவும் சாட்சிகளுள் ஒன்று, படத்திலுள்ளவர் கையில் இருக்கும் துப்பாக்கி. மறைவிடத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ‘ஸ்நைப்பர்’ வீரரின் துப்பாக்கியை இனங்காணும் வழிகளை இங்குக் காண்போம்.

படம் நேரானதா?

முதலில் செய்யவேண்டிய சோதனை மிக எளியது. அக்காலத்துப் படைத் துப்பாக்கிகளில், ஒவ்வொரு முறையும் தோட்டாவை உள்ளே செலுத்துவதற்காகக் கையால் இழுக்கும் தாழின் கைப்பிடி வலப்புறமே இருக்கும். படத்தில் அது இடப்புறம் இருந்தால், நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம். சட்டையின் பொத்தான் வரிசையும் இடவலம் மாறியிருந்தால் ஐயமே இல்லை. இதைக் கவனியாமல் மேலே சென்றால் ஏனைய அடையாளங்களும் குழம்பிப் போகும்.

நாட்டுக்கு நாடு அடையாளம்

அடுத்து, துப்பாக்கியின் முனையையும் தோட்டாக் கூட்டையும் நோக்க வேண்டும். கொல்கத்தாவை அடுத்த இச்சாப்பூரில் செய்யப்பட்ட பழைய லீ-என்பீல்டு துப்பாக்கியை நாம் அறிவோம். விடுதலைக்குப் பின்னரும் பல்லாண்டுகள் நம் போலீசார் தோளில் தொங்கிய ‘303’ அதுவே. அதன் முனை மழுங்கலாக இருக்கும். குழல் வெளியே துருத்தி நிற்காது. பின்னர் வந்த 4-ஆம் எண் லீ-என்பீல்டிலோ குழலின் நுனி சிறிது வெளியே நீண்டிருக்கும். இரண்டிலும் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் கூடு குதிரைக்கு முன்னால் கீழ்நோக்கித் துருத்தியிருக்கும்.

இந்த 4-ஆம் எண் துப்பாக்கிகளுள் நன்கு சுடுபவற்றைத் தேர்ந்தெடுத்து, லண்டனிலுள்ள ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் 1942 முதல் ஸ்நைப்பர் துப்பாக்கிகளாக மாற்றிக் கொடுத்தது. மும்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கியும், கன்னத்தைச் சாய்த்துக் கொள்ளப் பின்கட்டையின்மேல் திருகிய மரத்துண்டும் அதன் அடையாளங்கள். தொலைநோக்கி நிழலில் மறைந்து போனாலும் இம்மரத்துண்டு காட்டிக் கொடுத்துவிடும்.

ஜெர்மானியரின் மவுசர் 98-கே துப்பாக்கியில் தோட்டாக் கூடு வெளியே தெரியாது. தொலைநோக்கி மிகச் சிறியதாய், தாழுக்கு வெகு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் அது ஒன்றரை மடங்கே பெரிதாக்கும் ‘இசட்.எப்.41’ வகை.

சோவியத் நாட்டு மோசின்-நகான்ட் இவற்றினும் நீளமானது. ஏறத்தாழ 123 சென்டிமீட்டர். சாதாரண மோசினில் தாழின் கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தொலைநோக்கி வைத்தால், தாழைத் தூக்கும்போது கைப்பிடி அதில் இடிக்கும். ஆகையால் ஸ்நைப்பர் மோசினில் கைப்பிடியை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்தார்கள். அவ்வளைவைக் கண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆண்டையும் இதனால் அறியலாம். முந்திய மோசின்களில் நீண்ட தொலைநோக்கி இருந்தது. ‘பி.யு.’ எனப்படும் குட்டையான தொலைநோக்கி மோசினுக்கு வந்தது 1942-இல்தான். அத்தகைய துப்பாக்கி உள்ள படத்தின் கீழ் ‘பின்லாந்துப் போர், 1939’ என்று எழுதியிருந்தால் அக்குறிப்பு பிழையே. ரயில்வே அலுவலகத்தில் பழைய தாள்களைச் சரிபார்க்கும் எங்களுக்கு இந்த முறை புதிதன்று. படிவத்தின் அடியில் அச்சாகியுள்ள ஆண்டு, அதன்மேல் மையால் எழுதிய தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், அந்தத் தேதியை எவரும் ஏற்பதில்லை.

இரண்டு வீரர்கள்

லியுத்மிலா பாவ்லிச்சென்கோ என்ற சோவியத் வீராங்கனையைப் பலர் அறிந்திருக்கலாம். 1916-இல் பிறந்த அவர் ஒடெஸா, செவஸ்தபோல் போர்முனைகளில் 309 பேரை வீழ்த்தியதாகக் கணக்கு. 1942-இல் காயமுற்றபின் அமெரிக்கா சென்று அதிபர் ரூஸ்வெல்ட்டையும் சந்தித்தார். அவரது புகழ்பெற்ற படங்களில் காணும் துப்பாக்கி மோசின் அன்று. கீழே பத்துத் தோட்டாக்களுக்கான கழற்றக்கூடிய கூடு, குழலின்மேல் துளையிட்ட உலோக உறை, முனையில் பிளவுகள் கொண்ட தடுப்பு ஆகிய மூன்றும், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்.வி.டி.-40 துப்பாக்கிக்கு உரியவை. ஆயினும் அவர் மோசினும் ஏந்திப் போரிட்டவர். ஆகவே, படம் எடுத்த நாளில் கையில் இருந்ததைக் கொண்டு போர் முழுவதற்கும் முடிவு கட்டலாகாது.

பின்லாந்தின் சிமோ ஹைஹா கதை வேறு வகையானது. 1939-40 குளிர்காலப் போரில் 500-க்கும் மேற்பட்டோரை வீழ்த்தியவர் என்று சொல்லப்படும் அவர், தொலைநோக்கியே இல்லாத துப்பாக்கியைக் கொண்டு சுட்டவர். தொலைநோக்கி வழியே பார்க்கத் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். கடுங்குளிரில் கண்ணாடி பனி படிந்து மங்கும். வெயிலில் மின்னி இருப்பிடத்தைக் காட்டிவிடும். மேலும், அவர் ஏந்தி நிற்கும் படம் ஒன்றில் உள்ள துப்பாக்கி 1940 பிப்ரவரியில் அவருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. படம் உண்மை, துப்பாக்கியும் உண்மை. ஆனால் அவர் அதுவரை நடத்திய போருக்கு அத்துப்பாக்கி சாட்சியாகாது.

நம் இல்லங்களில்

நம்முள் சிலருடைய பாட்டனார் சீருடையில் நிற்கும் படங்களும் உண்டு. ஆர்வத்தினால் ‘தாத்தா ஸ்நைப்பர்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். அடுத்த தலைமுறையில் அதுவே வரலாறாகிவிடும். சமையற்காரராகவோ, லாரி ஓட்டுநராகவோ, தந்தி அனுப்புபவராகவோ பணியாற்றியவரின் உண்மையான உழைப்பு அப்பொய்ப் பெருமையில் மறைந்து போகும். அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனவே அன்பர்கள் படத்தின் ஓரங்களை வெட்டாதிருக்க வேண்டும். துப்பாக்கியின் முனை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ எழுத்தோ இருந்தால் அதையும் படமெடுத்து வைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்ததை, சொன்னவர் பெயரோடும் கேட்ட நாளோடும் தனித்தாளில் எழுதிச் சேர்த்து வைப்பது நலம். அப்பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.