மலைக்கோயில் கல்லும் எழும்பூர்ப் படிமங்களும்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலை நோக்கிச் செல்லும் வழியில், எங்கள் சிற்றூருக்கு அருகே மரத்தடிப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். பிள்ளையார் என்றவுடன் துதிக்கையும் பானை வயிறும் உடைய உருவத்தை நேயர்கள் நினைத்துக் கொள்ள வேண்டா. அங்கே இருப்பவை கைக்கு அடக்கமான பத்துப் பன்னிரண்டு கருங்கற்களே. ஒவ்வொன்றும் ஒரு முனையில் அகன்று கூராகவும், மறு முனையில் குறுகி மழுங்கியும் இருக்கும். எண்ணெயும் மஞ்சளும் படிந்து மினுமினுக்கும் அவற்றை மலைவாழ் மக்கள் தெய்வமாகவே வணங்கி வந்தனர், இன்றும் வணங்குகின்றனர்.

பள்ளியில் படித்த காலத்தில் அவற்றுள் ஒன்றை நான் எடுத்துவிட்டேன். திருட வேண்டுமென்ற எண்ணம் இல்லை. அதன் வழவழப்பில் மனம் மயங்கியதே காரணம். மறுநாள் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சாமி அல்ல தம்பி, கோடரி, புதிய கற்கால மனிதன் செய்தது. சென்னை அருங்காட்சியகத்திற்கு அனுப்பத் தக்கது" என்றார். அன்று மாலையே பூசாரிப் பெரியவர் எங்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவர் கோபிக்கவில்லை. "சாமியைக் கொண்டாந்து இருந்த எடத்துல வச்சிடு கண்ணு" என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் சொல்வதும் மெய், பெரியவர் சொல்வதும் மெய் என்று எனக்குத் தோன்றியது. கல்லை இரண்டு நாள் புத்தகப் பையிலேயே வைத்துக் கொண்டு திரிந்தேன்.

இந்தக் கற்களின் வரலாற்றை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் இராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியல் அறிஞர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சிக்குக் கால்கோள் செய்தவர் அவரே. ஓய்வு பெற்றபின் அவர் ஏற்காட்டில் வாழ்ந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அவருடைய மாமனார் என்பதை இங்கே இடையில் சொல்லிவைக்கலாம். புட் 1912-இல் கல்கத்தாவில் காலமானார். அவருடைய அஸ்தி ஏற்காட்டுத் திருச்சபை ஒன்றின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய கற்கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றுக் கொண்டது. சேர்வராயன் மலையின் கோடரிகளும் அத்தொகுதியில் உண்டு.

அக்கோடரி எவ்வாறு செய்யப்பட்டது? முதலில் நுண்மணிகள் செறிந்த கரும்பாறைத் துண்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து உருவம் கொடுத்தார்கள். பின்னர் வேறொரு கல்லால் மேற்பரப்பைக் கொத்திக் கொத்தி மேடு பள்ளங்களைச் சமன் செய்தார்கள். இறுதியில் மணலும் நீரும் இட்டு, பாறைமேல் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றினார்கள். வெட்டுவதற்கு விளிம்பு மட்டும் கூராக இருந்தாற் போதுமே. உடல் முழுவதையும் ஏன் இத்தனை வழவழப்பாக்கினார்கள்? பயனைக் கடந்த ஓர் அழகுணர்ச்சி அங்கே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சிற்பக் கலையின் முதற் பாடத்தை நான் அங்கேதான் காண்கிறேன்.

கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் எழும்பூர் அருங்காட்சியகத்தை முதன்முறையாகக் கண்டேன். 1851-இல் தோன்றிய நிலையம் அது. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் முதல் பொறுப்பாளர். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் மலைக் கற்கள் எண்ணெயின்றி, மஞ்சளின்றி, எண் தாங்கி வரிசையாகக் கிடந்தன. ஏதோ உறவினரை வெளியூரில் கண்டது போல இருந்தது எனக்கு.

அப்பெட்டியிலிருந்து நகர்ந்து மற்றக் கூடங்களுக்குச் சென்றவுடன் ஒன்று புலனாயிற்று. சிற்பி எதை நினைக்கலாம், எதை நினைக்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் அவன் கையிலுள்ள பொருளே தீர்மானிக்கிறது. அமராவதித் தூபத்தின் சிற்பப் பலகைகளைப் பாருங்கள். சலவைக்கல் என்று பலர் கூறினும் அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லே. உளிக்கு எளிதில் இணங்கும் கல்லாதலால், ஒரு முழப் பரப்புக்குள் அரசனும் யானையும் அஞ்சி ஓடும் மகளிருமாகப் பெருங்கூட்டத்தையே அச்சிற்பிகள் அடக்கிவிட்டனர். நம் நாட்டுக் கருங்கல்லோ அவ்வளவு எளிதில் வளைந்து கொடுப்பதன்று. ஆகவே பல்லவர், சோழர் காலத்துக் கற்சிற்பங்களில் நுணுக்கத்தைக் காட்டிலும் திரட்சியும் அமைதியும் மிகுதியாகக் காணப்படுகின்றன. கல்லில் தூக்கிய காலைத் தாங்கலின்றி வெளியே நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஒடிந்துவிடும்.

கல் மறுத்ததை உலோகம் அளித்தது. திருவாலங்காட்டு நடராசரின் முன் நின்றால் இது விளங்கும். எடுத்த பொற்பாதமும், வீசிய கரமும் எவ்விதத் தாங்கலும் இன்றிக் காற்றிலே நிற்கின்றன. தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் முதலில் உருவத்தை முழுமையாகச் செய்கிறார்கள். அளவு குறிக்கத் தென்னை ஓலையின் கீற்றே கருவி. அதை மடித்து மடித்து முகம், மார்பு, தொடை ஆகியவற்றின் விகிதத்தைப் பெறுவர். பிறகு ஆற்று வண்டலை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் பருமனான மண் சாத்தி, கம்பியால் கட்டி, நிழலில் உலர்த்துகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரு கருவிலிருந்து ஒரு படிமமே பிறக்கும். ஐம்பொன் என்று வழங்கினாலும் அதில் பெரும்பகுதி செம்பே.

மாணவர்கள் அங்கே சென்றால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாகாது. பீடத்தின் துளைகளையும் வளையங்களையும் குனிந்து பாருங்கள். அவை உற்சவத்தின்போது தண்டுகளைச் செருகிக் கட்டித் தூக்கிச் செல்வதற்கானவை. உள்ளே பொள்ளல் இல்லாமல் கனமாக வார்த்த மூர்த்தியைப் பலர் சேர்ந்துதான் தூக்க முடியும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இவ்வாறு வீதியுலா வந்தவராகவே இருக்க வேண்டும்.

மரச்சிற்பங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேர்களை அலங்கரித்த பலகைகள் அழகியவைதாம். எனினும் ஈரமும் கறையானும் நம் நாட்டில் மரத்தை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை.

செம்புப் படிமங்களுக்கும் நோய் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். படையெடுப்புகளுக்கு அஞ்சி முன்னோர் மண்ணில் புதைத்து வைத்த மூர்த்திகளை நிலத்தின் உப்புப் பற்றிக் கொள்கிறது. வெளியே எடுத்து ஈரக்காற்றுப் பட்டதும் வெளிர்பச்சைத் தூள் பூக்கிறது; தடுக்காவிட்டால் உலோகத்தையே அது தின்றுவிடும். 1930-களில் சென்னை அருங்காட்சியகத்தின் இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் இந்நோயைத் தீர்க்கும் வழியை இங்கே நிலைநாட்டினார். நீர்த்த காரக் கரைசலில் படிமத்தை அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினால், உப்பு சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஒரு நடராசரைக் காப்பாற்றுவதில் சிற்பியின் உளிக்கு நிகரான பணி அந்த மின்கம்பிக்கும் உண்டு.

மண்ணில் கிடைத்த மூர்த்திகள் அருங்காட்சியகத்திற்கு வந்ததற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் ஒரு காரணம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதைக் கண்டாலும் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அச்சட்டம் இல்லாதிருந்தால் அப்படிமங்களுள் எத்தனை உருக்குப் பட்டறைக்குப் போயிருக்குமோ! எனவே ஆசிரியர் கட்சியை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். ஆனால் படிமக்கூடத்தில் ஒருநாள் ஒரு மூதாட்டியைக் கண்டேன். வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த அவர், ஒவ்வொரு பெட்டியின் முன்னும் கன்னத்தில் போட்டுக் கொண்டு நகர்ந்தார். காவலர் அவரைத் தடுக்கவில்லை. பெரியவர் கட்சியும் அங்கே உயிரோடிருந்தது.

என் பையிலிருந்த கல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில், எவரும் காணாதபடி கொண்டுபோய் வைத்துவிட்டேன். மண்ணில் மறைந்து கிடந்து அழியும் பொருள் வேறு, அன்றாடம் கைபட்டுக் காக்கப்படும் பொருள் வேறு என்று இன்று அதற்குக் காரணம் கூறுவேன். அன்று அச்சமே காரணம். பல ஆண்டுகளுக்குப் பிறகு பூசாரியின் பேரனிடம் இசைவு பெற்று, அதே கல்லை அளந்து வரைந்து கொண்டேன். நீளம் நாலரை அங்குலம். வெட்டும் விளிம்பில் ஒரு சிறு சிதைவு உண்டு. அது கற்காலத்து மரத்தில் பட்டு நேர்ந்ததோ, நான் புத்தகப் பையில் போட்டுக் கொண்டு ஓடியபோது நேர்ந்ததோ, எனக்குத் தெரியவில்லை.