இரத்த சுத்தியும் ஏழையின் உயிரும்

கன்னியாகுமரி ஜில்லா அருமனைப் பகுதியில், விடியுமுன்னே ரப்பர் மரங்களில் பால் வெட்டச் செல்லும் தொழிலாளர் பலர். மழைக்காலத்தில், எலியின் சிறுநீர் கலந்த சேறு காலிலுள்ள சிறு புண்ணில் பட்டாலும் எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். ஆரம்பத்தில் அது வெறும் காய்ச்சலும் தேகவலியுமாகவே தோன்றும். அசட்டை செய்தால் சிலருக்குக் கண் மஞ்சளிக்கும், சிறுநீர் குன்றும், சுவாசப்பையில் இரத்தம் கசியும்.

அந்நிலையில், “இரத்தத்தைச் சுத்தி செய்தால் பிழைப்பார்” என்ற சொல் காதில் விழுந்தால், நகையும் நிலமும் அடகுக்குப் போகும். அச்சொல்லில் இருவேறு சிகிச்சைகள் அடங்கியிருப்பதை ஜனங்கள் அறிதல் அவசியம்.

முதலாவது டயாலிஸிஸ். ஹாலந்து தேசம் ஜெர்மானியர் பிடியில் தவித்த 1943-ஆம் ஆண்டில், வைத்தியர் வில்லெம் கோல்ஃப் இதற்கு ஒரு யந்திரம் சமைத்தார். 1945-இல் ஒரு மூதாட்டியை அதனால் பிழைப்பித்தார். எலிக்காய்ச்சலில் செயலிழந்த சிறுநீரகம் பெரும்பாலும் மீளக்கூடியது. அதுவரை உயிரைத் தாங்கும் இச்சிகிச்சையின் பயனில் ஐயமில்லை.

இரண்டாவது, கிருமி விஷத்தையே இரத்தத்திலிருந்து ஈர்த்தெடுக்கும் வடிகட்டிகள். பாலிமிக்ஸின் மருந்தைப் பிணைத்த வடிகட்டியொன்றை, கிருமித் தொற்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்த 450 நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் பரீட்சித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். 28 நாட்களுக்குள் மாண்டோர், அச்சிகிச்சை பெற்றவரில் நூற்றுக்கு 37.7, பெறாதவரில் 34.5. உயிர் காப்பதாக நிரூபணமாகவில்லை. 2021-இல் சர்வதேச நிபுணர் குழு அதை உபயோகிக்க வேண்டாமென்றே யோசனை கூறிற்று. பிற வடிகட்டிகளுக்கும் போதிய ஆதாரமில்லை என்றது. குறிப்பிட்ட சிலருக்கேனும் உதவுமா என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். ஏழை தன் நிலத்தைப் பணயம் வைப்பதற்குரியதன்று.

அதே குழு வற்புறுத்தியது வேறொன்று: இரத்த அழுத்தம் வீழ்ந்த நோயாளிக்கு ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்து. எலிக்காய்ச்சலுக்குரிய பெனிஸிலினும் டாக்ஸிசைக்ளினும் மலிவானவை. அண்டைக் கேரளத்தில், 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது, சேற்று நீரில் இறங்கித் தொண்டு செய்தவர்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் முன்காப்பாக அளிக்கப்பட்டது.

உலகிற்கு ரப்பர் தருபவன் ரப்பர்ப் பாதரட்சையின்றிச் சேற்றில் நிற்பது தகுமா? சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் போதிய டயாலிஸிஸ் யந்திரங்கள் வேண்டும். கிராமச் சுகாதார நிலையங்களில் மருந்து என்றும் தீராதிருக்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது பொதுஜன ஊழியர் கடமை. தொண்டர்களே, மழைக்காலக் காய்ச்சலென்று கேட்ட அன்றே தொழிலாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடைசி நாளில் விற்கும் நிலத்தினும், முதல் நாளில் விழுங்கும் மாத்திரையே பல உயிர்களைக் காக்கும்.