சதுரகிரி ஏறப் போகிறீர்களா? முதலில் கால்களைப் பழக்குங்கள்

அமாவாசை, பௌர்ணமி வந்தால் திருமங்கலத்திலிருந்து டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி மலையடிவாரமான தாணிப்பாறைக்குக் கூட்டம் கிளம்பிவிடும். அடிவாரம் விருதுநகர் மாவட்டம். மேலே சுந்தர மகாலிங்கம் கோயில் இருப்பதோ நம் மதுரை மாவட்டத்தின் பேரையூர் வட்டம். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை என்று பாறையும் ஓடையுமான காட்டுப்பாதை. சமவெளியில் பைக்கிலேயே போய்ப் பழகிய உடம்புக்கு இது கடும் உழைப்பு.

ஏறும்போது நெஞ்சைக் கவனியுங்கள்

ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிந்தால் வேகம் சரி. திக்கித் திணறினால் நில்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால், “வாயுப் பிடிப்புதான்” என்று சோடா குடித்துவிட்டு மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்து உதவி கேளுங்கள். டோலியில் இறங்குவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

இறங்கும்போது முழங்காலைக் கவனியுங்கள்

ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைப்போம். ஆனால் தொடைத் தசை அதிகம் அடிபடுவது இறக்கத்தில்தான். நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பது இதனால்தான். ஊன்றுகோலோடு, முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அது தசைச் சிதைவின் அறிகுறியாக இருக்கலாம்; தசைச் சிதைவு சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

விரதமும் சர்க்கரை மாத்திரையும்

அமாவாசை விரதத்தோடு ஏறுபவர்கள் பலர். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு மலையேறினால் சர்க்கரை சட்டென இறங்கி மயக்கம் வரலாம். மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மடியில் நாலு பேரீச்சம்பழமோ கருப்பட்டியோ இருக்கட்டும். வியர்வையில் உப்பும் போவதால் தண்ணீர் மட்டும் போதாது, ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புப் போட்ட மோரோ அவ்வப்போது குடியுங்கள்.

மழை வந்தால்

2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் சிக்கிச் சதுரகிரியில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேலே பெய்கிற மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. ஓடையில் தண்ணீர் கலங்கி ஏறினால் கடக்காதீர்கள். வனத்துறை தடை விதித்தால் வீடு திரும்புங்கள்.

ஒரு மாதப் பயிற்சி

தினமும் அரை மணி நேர வேக நடை, மாடிப்படி ஏறி இறங்குதல், வார இறுதியில் அழகர்கோவிலிலிருந்து ராக்காயி அம்மன் தீர்த்தம் வரை நடை. இது போதும். நாற்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள், திருமங்கலம் அரசு மருத்துவமனையிலேயே ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பக்தி மனதுக்குத் தெம்பு தரும். முழங்காலுக்கும் இதயத்துக்கும் பயிற்சியை நீங்கள்தான் தர வேண்டும்.