பதிவேட்டில் தமிழ்ப் பெயர்

தீபகற்ப மலேசியாவில் பிறப்பும் இறப்பும் 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி (சட்டம் 299) பதியப்பெறுகின்றன. பினாங்கில் பிறந்தவரின் 12 இலக்க அடையாள எண், முதல் ஆறு இலக்கங்களால் பிறந்த நாளையும் அடுத்து வரும் 07ஆல் மாநிலத்தையும் பொதுவாகக் காட்டிவிடும். பெயருக்கு அத்தகைய உறுதி இல்லை.

காரணம் எழுத்துமாற்றமே. உரோமன் வரிவடிவில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிட, வல்லியும் வள்ளியும் வேறுபாடிழக்கின்றனர். மாறாக, ஒரே பெயர் பலவாகப் பிரிவதும் உண்டு. முருகையாவின் ககரத்துக்கு 'கே' இடுவோரும் 'ஜி' இடுவோரும் உளர். ஐகாரத்தை ஓரெழுத்தால் குறிப்பாரும் ஈரெழுத்தால் குறிப்பாரும் உளர்.

நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின்பின் வரும் தந்தை பெயரே உறவுக்குச் சான்று. மகனின் பிறப்புச் சான்றிதழிலும் தந்தையின் இறப்புச் சான்றிதழிலும் அப்பெயர் ஓரெழுத்து வேறுபட்டாலும், சேமநிதியோ வீட்டுரிமையோ கோரும் மகன், தாம் அவர் பிள்ளையே என மெய்ப்பிக்க அலைய நேரிடும்.

ஆகவே மூன்று செய்திகளை வலியுறுத்துகிறோம். பெற்றோர் பெயரை அடையாள அட்டையில் உள்ளவாறே எழுத்தெண்ணிக் கொடுங்கள். குழந்தையின் பெயரை வாய்மொழியாகச் சொல்லாமல், உரோமன் எழுத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கையொப்பமிடுமுன் படிவத்தைப் படித்துப் பாருங்கள். பின்னர்ப் பிழை தெரிந்தால், சட்டத்தின் 27ஆம் பிரிவு திருத்தத்திற்கு வழி வைத்துள்ளது. எனினும் அதற்குச் சத்தியப் பிரமாணமும் சான்றுகளும் வேண்டும். உண்மையறிந்த மூத்தோர் உள்ளபோதே அதனைச் செய்துகொள்வது நன்று.