சுவரில் விரியும் வானம்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமானமோட்டும் விளையாட்டில் திருச்சியிலிருந்து கிளம்பித் தெற்கே திரும்பினால், செயற்கைக்கோள் படங்களால் நெய்த நிலத்தில் நார்த்தாமலைக் குன்றுகளும் புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்களும் கீழே நகரும். அதையே புரொஜெக்டரில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, விமானம் சாய்ந்தால் நாற்காலியில் இருப்பவரும் சாய்கிறார். ஏன்?

பக்கத்து ரயில் நகர்ந்ததும் நம் ரயில் நகர்வதாக மயங்குகிறோமே, அதே மயக்கம்தான். கடைக்கண்ணில் ஓடும் காட்சியை மூளை நம் அசைவாக எடுத்துக்கொள்கிறது.

ஆனால் கணக்குப் போட்டால் ஒரு வியப்பு. 24 அங்குல மானிட்டர் 60 செ.மீ. தூரத்தில் நம் பார்வையில் சுமார் 48 பாகை அகலத்தை நிரப்பும். 100 அங்குலத் திரை 2 மீட்டரில் 58 பாகைதான். பெரிய லாபம் அகலத்தில் இல்லை, தூரத்தில். அருகில் உள்ளதைப் பார்க்கக் கண்கள் உள்நோக்கித் திரும்பி, லென்ஸும் தடிக்க வேண்டும். அந்த முயற்சியே ‘இது கைக்கெட்டும் பொருள்’ என்று காட்டிக்கொடுக்கும். 2 மீட்டரில் அது வெகுவாகத் தளர்கிறது. விமானிகள் பழகும் பெரிய சிமுலேட்டர்களில் வளைந்த கண்ணாடி, காட்சியைக் கண்காணாத் தொலைவில் இருப்பதாகவே காட்டிவிடும்.

ஒரு குறை உண்டு: புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. சுவரின் இருட்டுதான் அதன் கருப்பு. புதுக்கோட்டை வெயில் ஜன்னலில் நிற்கும்போது இரவு விமானம் ஓட்டாதீர்கள்.